ஐம்பது முழமும் ரெண்டு நூலும்

“மாமா, எங்களுக்கு ஒரு தூக்குமரம் செஞ்சு தரணும்.”

மரப்பட்டறை வைத்து 38 வருஷம் ஆகிறது. கதவு, நிலை, கட்டில், தொட்டில், சவப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்திருக்கிறார்கள். தூக்குமரம் கேட்டு ஒருத்தர் வாசலில் நின்றது அன்றைக்குத்தான். கேட்டது எங்கள் சபை ஞாயிறு பள்ளி டீச்சர். ஆண்டு விழாவுக்கு எஸ்தர் நாடகமாம். எஸ்தர் கிடைத்துவிட்டாள், கிரீடத்துக்கு ஜிகினாத் தாள் வாங்கியாயிற்று, ஆமானுக்கு ஒட்டுத்தாடிகூட வந்துவிட்டது. மரம் மட்டும் பாக்கி. என் பேரனுக்கும் அதில் வேஷம் உண்டு. மொர்தெகாய் ஏறிப் போகிற குதிரையின் முன்பாதி அவன்.

“எத்தனை அடி வேணும்?” என்றேன்.

“அம்பது முழம் தாத்தா. பைபிள்ல போட்டிருக்கு” என்றது முன்பாதி.

“ஏழு அடி போதும் மாமா. மேல ஃபேன் இடிக்கும்” என்றாள் டீச்சர்.

ஏழு அடிக்கு ஒரு மணி நேர வேலை. பேக்கிங் பெட்டி பிரித்த பைன் பலகை மூலையில் கிடந்தது. அதை இழைத்து, நான்கு ஸ்க்ரூ அடித்துக் கொடுத்தனுப்பினேன். ஆனால் அந்த அம்பது முழம் என்னை விடவில்லை. எஸ்தர் புஸ்தகத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அதன்மேல் பிரசங்கம் கேட்டுக்கொண்டே கண் அசந்தும் இருக்கிறேன். ஒரு தடவைகூட அதைத் தச்சனாக வாசித்ததில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பெர்சியாவின் ராஜா அகாஸ்வேரு. சரித்திரக்காரர்கள் செர்க்செஸ் என்பார்கள், கி.மு. 486 முதல் 465 வரை ஆண்டவர். இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள் அவர் கையில். அரண்மனை சூசானில்; இன்றைக்கு ஈரானில் ஷூஷ் என்கிற ஊர். அங்கே ஆமான் பெரிய மந்திரி. வாசலில் இருக்கிற எல்லாரும் அவனுக்குக் குனிகிறார்கள். மொர்தெகாய் என்ற யூதன் மட்டும் குனியவில்லை. ஒருத்தன் குனியாததற்கு அவன் ஜனம் முழுவதையும் அழிக்க ஆமான் திட்டம் போட்டான். ‘பூர்’ என்கிற சீட்டைப் போட்டு நாள் குறித்தான். பதினாயிரம் தாலந்து வெள்ளி தருகிறேன் என்று ராஜாவிடம் பேரம் பேசினான். ராஜாவின் மோதிரத்தால் முத்திரை குத்திய கடிதங்கள் நாடெங்கும் போயின. ராணி எஸ்தரும் யூதப்பெண்தான், மொர்தெகாய் வளர்த்த பெண்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் வைத்த விருந்துக்குப் போய்விட்டுச் சந்தோஷமாக வெளியே வருகிறான். வாசலில் மொர்தெகாய் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான். விருந்து முழுவதும் அந்த நிமிஷத்தில் கசந்துவிட்டது. வீட்டுக்கு வந்து புலம்பினபோது அவன் மனைவி சிரேஷும் நண்பர்களும் சொன்ன யோசனைதான் ஐம்பது முழத் தூக்குமரம். நாளைக்கு ராஜாவிடம் சொல்லி மொர்தெகாயை அதில் போட்டுவிட்டு விருந்துக்குப் போ என்றார்கள். “தூக்குமரத்தைச் செய்வித்தான்” என்று ஐந்தாம் அதிகாரம் முடிகிறது.

செய்வித்தான். ஒரே வார்த்தை. செய்தவன் பாட்டை யாரும் எழுதவில்லை.

முழம் என்றால் முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூக்காரம்மாவின் முழத்துக்கும் வாங்குகிறவளின் முழத்துக்கும் எப்போதும் சண்டைதான் என்றாலும் பொதுக்கணக்கு ஒன்றரை அடி. அப்படியானால் 50 முழம் 75 அடி. ஏழு மாடி உயரம். அதுவும் தரைக்கு மேலே தெரிகிற உயரம். கம்பம் நிற்க வேண்டுமானால் மண்ணுக்குள்ளும் போக வேண்டும். கரண்டு கம்பம் நடுகிறவர்கள் மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கைப் புதைப்பார்கள். அந்தக் கணக்குக்கு மரம் 90 அடி, குழி 15 அடி. சராசரிச் சுற்றளவு 4 அடி என்று வையுங்கள். இந்த உயரத்துக்கு அது ஒல்லி. மரவாடிக் கணக்கில் சுற்றளவில் கால்பங்கு ஒரு அடி. அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் 90 கன அடி. நன்றாகக் காய்ந்த தேக்காக இருந்தாலும் எடை இரண்டு டன் வரும். சூசானோ சமவெளி ஊர். அகாஸ்வேருவின் அப்பா தரியு அங்கே அரண்மனை கட்டினபோது கேதுரு மரம் லீபனோனிலிருந்து பாபிலோன் வழியாக வந்தது என்று தன் சாசனத்திலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக மரம் தேடி, சீவி, குழி வெட்டி, வடம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தெரு முழுக்க யாரும் கண்ணை மூடியிருக்க முடியாது.

என் மனைவி தோசை மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு ராத்திரிதானங்க ராஜாவுக்குத் தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கு? இந்தத் தட்டுற சத்தத்துல எப்படி வரும்?”

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எஸ்தர் பிரசங்கங்களில் இதுதான் ஆகச் சிறந்தது.

மறுநாள் ஐயரிடம் கேட்டேன். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்.) உயரம் மிகைப்படுத்திச் சொன்னதாக இருக்கலாம், மேட்டின்மேல் நட்டதால் அந்தக் கணக்கு என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார். கூடவே இன்னொன்று சொன்னார். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஏட்ஸ்’ என்ற சொல். வெறும் ‘மரம்’ என்று அர்த்தம். பெர்சிய ராஜாக்கள் ஆளைக் கழுவில் ஏற்றுகிற வழக்கம் உள்ளவர்கள். ஆகவே கயிறு கட்டித் தொங்கவிடுகிற மரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நமக்குக் கழுமரம் என்று தனிச்சொல்லே இருக்கிறதே என்றேன். கழுமரத்துக்கு நுனியைச் சீவ வேண்டும். அதையும் ஒரு தச்சன்தான் சீவியிருப்பான், கூலி வாங்கிக்கொண்டு. ஐயர் இந்த இடத்தில் சிலுவைக்குத் தாவப் பார்த்தார். பட்டறையில் ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லி வந்துவிட்டேன்.

என் மனசில் நின்றது அந்தக் குழி. பைபிளின் ஏழாம் சங்கீதத்தில் “குழியை வெட்டி, அதை ஆழமாக்கினான், தான் வெட்டின குழியில் தானே விழுந்தான்” என்று வருகிறது. சின்ன வயசிலிருந்து மனப்பாடம். ஆமான் கட்டினது மேலே போகிற மரம், சங்கீதக்காரன் சொல்வது கீழே போகிற குழி என்று ரெண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் 75 அடி மரத்தை நட வேண்டுமானால் முதலில் ஆழமாக ஒரு குழி வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் குழியை அவன் தன் வீட்டு ஓரத்திலேயே வெட்டினான். பிறகு ராஜாவிடம் அதைச் சொல்லிக்கொடுத்த அற்போனா என்கிற பிரதானிக்கு விலாசம் விசாரிக்கிற வேலையே இருக்கவில்லை. ஊருக்கே தெரிந்த மரம்.

நம்முடைய ஆட்களுக்கும் இது புதுசு இல்லை. “மறந்தும் பிறன்கேடு சூழற்க சூழின் அறஞ்சூழும் சூழ்ந்தவன் கேடு” என்கிறார் வள்ளுவர். சூழ்ச்சியில் இருக்கிற அதே ‘சூழ்’தான். நீ உட்கார்ந்து யோசித்தால் அறமும் உட்கார்ந்து யோசிக்கும். பட்டினத்தார் கதையில் அக்காள் விஷம் வைத்துக் கொடுத்த அப்பத்தை அவர் அவள் வீட்டுக் கூரையிலேயே செருகினார், கூரை பற்றிக்கொண்டது. ‘தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்.’ என் ஆத்தா அப்பம் சுடுகிற நாளெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் முதல் அப்பத்தைத் தருவாள். பயந்துகொண்டே தின்போம்.

எஸ்தர் கதையில் அறம் எப்படி யோசித்தது என்பதுதான் ருசியான இடம். எபிரெய எஸ்தரில் கடவுள் என்ற வார்த்தையே கிடையாது. (கத்தோலிக்கப் பைபிளில் இருக்கிற கிரேக்க எஸ்தரில் ஜெபமும் கடவுளும் உண்டு. அது வேறு.) இடி விழவில்லை, தூதன் வரவில்லை. ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பழைய நாளாகமத்தை, அதாவது ராஜ்யத்தின் நடப்புக் குறிப்புகளை, வாசிக்கச் சொல்கிறார். எந்தக் காலத்திலோ தன்னைக் கொல்ல நினைத்த ரெண்டு பேரை மொர்தெகாய் காட்டிக்கொடுத்த விஷயம் வருகிறது. இதற்கு அவனுக்கு என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில் யார்? ஆமான். மொர்தெகாயைத் தூக்க உத்தரவு வாங்க வந்தவன். ராஜா கனம்பண்ண விரும்புகிற மனுஷனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார். என்னைத் தவிர யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்து, ராஜவஸ்திரம், ராஜாவின் குதிரை, தெருவீதியில் ஊர்வலம் என்று தனக்காக அளவெடுத்துச் சொல்கிறான். நல்லது, மொர்தெகாய்க்கு அப்படியே செய். குதிரையை இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் கூவிவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான் ஆமான். சிரித்துச் சிரித்து வாசித்த இடம் இது. என் பேரன் முன்பாதியாக நடக்கப்போவதும் இங்கேதான்.

அடுத்த அதிகாரத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எஸ்தர் விருந்தில் உண்மையைப் போட்டு உடைத்ததும் ராஜா கோபத்தோடு தோட்டத்துக்குப் போகிறார். ஆமான் உயிர்ப்பிச்சை கேட்டு ராணி இருந்த மெத்தையின்மேல் விழுந்து கிடக்கிறான். திரும்பி வந்த ராஜா, என் கண்முன்னே ராணியைப் பலவந்தம் பண்ணுகிறானா என்கிறார். அடுத்த வார்த்தைக்குள் அவன் முகத்தை மூடிவிட்டார்கள். இந்தக் குற்றத்தை அவன் செய்யவில்லை. எத்தனையோ செய்தான், இதைச் செய்யவில்லை. ஒரு ஜனத்தின்மேல் பொய் சொன்னவனுக்குக் கடைசி நிமிஷத்தில் தன்மேல் விழுந்த பொய்யை மறுக்கக்கூட வாய் கிடைக்கவில்லை.

நாடக ஒத்திகையில் ஆமானை இழுத்துக்கொண்டு போகும்போது பிள்ளைகள் எல்லாரும் “ஹேய்” என்று கத்தினார்கள். யூதர்களும் இந்தக் கதையைக் கொண்டாடுகிற பூரீம் பண்டிகை அன்றைக்கு ஜெபாலயத்தில் எஸ்தரை வாசிக்கும்போது ஆமான் பெயர் வருகிற இடத்திலெல்லாம் கிலுகிலுப்பை சுற்றிச் சத்தம் போடுவார்களாம். எல்லாரும் மொர்தெகாய் பக்கம் நின்றுதான் இந்தக் கதையைக் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டுவந்தேன், 1996 வரைக்கும்.

அந்த வருஷம் பக்கத்துச் சேகரத்தில் ஒரு சபைக்கு 24 பெஞ்சு செய்ய ஆள் தேடினார்கள். எட்டடி பெஞ்சு, வேங்கை மரம், சாய்மானத்தோடு. விலை கொடுத்தவர்களில் கடைசிவரை நின்றது ரெண்டு பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன் என்னோடு ஒரே மேஸ்திரியிடம் தொழில் கற்றவன். எனக்கு ரெண்டு வயது இளையவன். ஒரே கொட்டாப்புளியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள் நாங்கள். அவன் கை சுத்தம். மூட்டு போட்டால் தாள் நுழையாது. எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினை. விலையை என்னால் கொஞ்சம் குறைக்க முடியும், வேலையில் அவனை முந்த முடியாது.

மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

எழுதின ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இடது கையால் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வலது கையாலேயே எழுத்தைச் சாய்த்து எழுதினேன். முன்பு ஒரு வீட்டுக்கு அவன் பச்சை மரம் போட்டான், ஒன்றரை இஞ்சுப் பலகை என்று சொல்லி ரெண்டு நூல் குறைத்துக் கொடுத்தான், ஆண்டவருடைய ஆலயத்துக்கு இப்படிப்பட்டவனா, இப்படிக்கு சபையின்மேல் அக்கறையுள்ள ஒருவன். இதில் கேவலம் என்னவென்றால் அந்த ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, உண்மைதான். ஒன்றரை இஞ்சுக்கு அறுத்த பலகையை ரெண்டு பக்கமும் இழைத்தால் ஒன்றேகால்தான் நிற்கும். நான் இழைத்தாலும் அவ்வளவுதான் நிற்கும். தச்சனுக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியாது. முழுப்பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேறு ஊர்த் தபால்பெட்டியில் போட்டேன். “தீவினையைக் கர்ப்பந்தரித்து, பொய்யைப் பெறுகிறான்” என்று அதே ஏழாம் சங்கீதம் சொல்லும். கர்ப்பம் என்பது சரியான வார்த்தை. ஒரு வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன், யாரிடமும் சொல்லாமல், ஒருவிதச் சந்தோஷத்தோடு.

வேலை எனக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மரத்தைப் பற்றிப் புகார்கள் வருவதால் மொத்தத் தொகையில் கால்வாசியைச் சபை பிடித்து வைத்துக்கொள்ளும். ரெண்டு மழைக்காலமும் ரெண்டு கோடையும் தாண்டி, பலகை முறுக்காமல் வெடிக்காமல் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் கெட்டுப்போன பெஞ்சுகளை ஆசாரி தன் செலவில் மாற்ற வேண்டும், பிடித்த தொகையும் கிடையாது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவனைப் பிடிக்க வெட்டின குழிதானே, எனக்கென்ன.

பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் பெஞ்சு வேண்டும் என்றார்கள். விலையைக் குறைத்துக் கொடுத்திருந்ததால் காய்ந்த மரம் வாங்கக் கையில் காசு இல்லை. மரவாடியில் மூன்று மாதத்துக்கு முன் அறுத்ததைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருந்தது. மரம் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். முதல் வருஷப் பையனுக்கும் தெரிந்த விஷயம். பண்டிகையில் அசனம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் பெஞ்சைத் தடவிப் பாராட்டினார்கள். மழைக்காலம் நன்றாகவே போயிற்று. அடுத்த கத்திரி வெயிலில் 24-ல் 11 பெஞ்சு முறுக்கிக்கொண்டது. சாய்மானப் பலகை வெடித்து, திருவிருந்துக்கு எழுந்த ஒரு அம்மாவின் பட்டுச்சேலை அந்த வெடிப்பில் சிக்கிக் கிழிந்தது. எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

72,000 ரூபாய் வேலை. 18,000 அவர்களிடமே நின்றுபோயிற்று. 11 பெஞ்சுக்குப் புது மரம் வாங்க மனைவியின் வளையலை அடகு வைத்தேன். நிபந்தனைத் தாளை அவர்கள் மேசைமேல் விரித்து வாசித்தபோது ஒவ்வொரு வரியும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பச்சை மரம். ஆண்டவருடைய ஆலயம். எல்லாம் என் சரக்கு.

அப்போது ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கடவுள் கணக்கைத் தீர்த்துவிட்டார், நானும் தண்டம் கட்டிவிட்டேன். “கல்லைப் புரட்டுகிறவன்மேல் அந்தக் கல் திரும்ப விழும்” என்று நீதிமொழிகளில் வாசிக்கும்போதெல்லாம் என்மேல் விழுந்த கல்லைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். ஜெபக்கூட்டத்தில் பெயரும் விவரமும் சொல்லாமல் சாட்சிகூடச் சொல்லியிருக்கிறேன்.

2014-ல் அந்தச் சபையின் பழைய செயலாளர் பட்டறைக்கு வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேத்திக்குப் படிக்கிற மேசை வேண்டும் என்றார். அளவு பேசிக்கொண்டிருக்கும்போது நான் வழக்கம்போல “மேல்பலகை ஒரு இஞ்சு ரெண்டு நூல் போட்டுருவோம் சார்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் கடுதாசியிலயும் ரெண்டு நூல்னுதான் தம்பி இருந்துது.”

எனக்கு வாய் வரவில்லை. அவர் சாதாரணமாகத்தான் பேசினார். “சபைக்காரன் எழுதினா கால் இஞ்சும்பான். நூலுன்னு எவன் எழுதுவான்? விலை குடுத்தது ரெண்டு ஆசாரி. ஒருத்தன் தன்னைப் பத்தித் தானே எழுதமாட்டான்.”

“அப்புறம் ஏன் சார் எனக்குக் குடுத்தீங்க?”

“நான் குடுக்கல. கமிட்டி குடுத்துது. கடுதாசிய வாசிச்சதும் எல்லாரும் பயந்துட்டாங்க. நீ எழுதுனேன்னு நான் சொன்னா உன் பொழப்பு போயிரும். அதனால நிபந்தனையை மட்டும் எழுதிச் சேத்தேன். நீ சொன்ன அளவுக்கு நீயே வேலை செஞ்சா யாருக்கும் நஷ்டமில்லைன்னு நெனச்சேன்.”

மேசைக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றேன். மரத்துக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து, நோட்டை எண்ணி என் பாக்கெட்டில் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஆக, 18 வருஷமாகக் கடவுள் என் கல்லைத் திருப்பிவிட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காரியத்தை ஒரு கணக்கு வாத்தியார் நாலு வரியில் செய்திருந்தார். எஸ்தர் புஸ்தகத்தில் கடவுள் பெயர் இல்லாதது அதற்குப் பிறகு எனக்கு ஆச்சரியமாகத் தெரிவதில்லை.

இந்தத் தடவை கணக்குப் போட உட்கார்ந்தவன் புஸ்தகத்தின் மிச்சத்தையும் வாசித்தேன். ஞாயிறு பள்ளி நாடகம் ஏழாம் அதிகாரத்தோடு முடிந்துவிடும். ஆமான் மரத்தில், மொர்தெகாய் மந்திரி, எல்லாரும் பாட்டு. புஸ்தகத்தில் இன்னும் மூன்று அதிகாரம் இருக்கிறது. ஆமான் செத்த பிறகும் அவன் கடிதம் சாகவில்லை. முதல் மாதம் 13-ம் தேதி எழுதி, முத்திரை போட்டு அனுப்பியது. ராஜா பெயரால் எழுதி முத்திரை போட்டதை ராஜாவாலும் செல்லாது என்று சொல்ல முடியாது, அது அந்த ஊர்ச் சட்டம். எஸ்தர் அழுது காலில் விழுந்து கேட்டும் ராஜாவால் செய்ய முடிந்தது இன்னொரு கடிதத்துக்கு அனுமதி கொடுப்பதுதான். யூதர்கள் தங்களைக் காத்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் மாதம் 23-ம் தேதி அந்தக் கடிதம் குதிரைகளில் புறப்பட்டது, முதல் கடிதத்தைத் துரத்திக்கொண்டு. ஆமான் சீட்டுப் போட்டுக் குறித்த நாளான ஆதார் (பன்னிரண்டாம்) மாதம் 13-ம் தேதி ரெண்டு கடிதமும் சந்தித்தன. சூசானில் 500 பேர், மறுநாள் 300 பேர், மற்ற நாடுகளில் 75,000 பேர் செத்தார்கள். ஆமானுடைய பத்துப் பிள்ளைகளும் போனார்கள். பூரீம் வாசிப்பில் அந்தப் பத்துப் பெயரையும் ஒரே மூச்சில் வாசிப்பது வழக்கமாம். தானியேலைச் சிங்கக்குகையில் போட வைத்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் மட்டுமா போடப்பட்டார்கள், பெண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் யாருக்குக் குழி வெட்டினார்கள்?

நாபோத்தையும் நினைத்துக்கொண்டேன். அவன் திராட்சத்தோட்டத்துக்காக ராணி யேசபேல் பொய்ச்சாட்சி வைத்துக் கல்லெறிந்து கொன்றாள். நாய்கள் அவளைத் தின்றன, வாஸ்தவம். நாபோத் திரும்பி வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கல் திரும்ப வருவதற்கு முன் ஒரு தடவை போயிருக்கிறது. போகும்போது எங்கே பட்டது என்று நான் கேட்டதே இல்லை. 1996-ல் என் கடுதாசி போன பாதையில் ஒரு மனுஷன் நின்றான். அவன் வேலையை இழந்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ளாமல் 18,000 ரூபாய்க்குக் கணக்கை முடித்துவிட்டேன்.

அவன் இப்போது பட்டறையை விட்டுவிட்டு மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். நல்ல நாள் கெட்ட நாளுக்குப் பேசிக்கொள்வோம். நாடகம் முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கடுதாசி, ரெண்டு நூல், பெஞ்சு, வாத்தியார், எல்லாம். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“எந்த வருசம்ணே அது?” என்றான்.

“தொண்ணூத்தாறு.”

“பெஞ்சு வேலை வரும்னு நம்பி அம்மைக்குக் கண் ஆபரேசனுக்குத் தேதி வாங்கியிருந்தேன். அப்புறம் தள்ளிப்போச்சு.”

“பொறவு பண்ணினியா?”

“எடது கண்ணுக்குப் பண்ணுனோம். வலது கண்ணு அதுக்குள்ள போயிட்டு.”

அவன் அம்மை எனக்கும் சோறு போட்டவள்தான். மேஸ்திரி வீட்டில் வேலை கற்ற காலத்தில், மத்தியானம் ரெண்டு தூக்குவாளி வரும். ஒன்றில் என் பங்கு.

நான் ஏதோ சொல்ல வந்தேன். இதை எழுதலாம் என்று இருக்கிறேன், எழுதட்டுமா என்றுதான் வாயில் வந்தது. எதற்கு அதைக் கேட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

“எழுதுங்க. என் பேர் மட்டும் போடாதீங்க” என்றான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. “சரிண்ணே, வைக்கட்டுமா. பேத்திய ஸ்கூல்ல இருந்து கூட்டியார நேரமாச்சு.”